பழைய தெரு, புதிய கதவு எண்: ஊர் வரலாறு தேடுவோர் கேள்வி-பதில்

இணையக் காப்பகங்களிலும் நூலகத் தொகுப்புகளிலும் நகர வரலாறு தேடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, காப்பக வேலையிலும் வரைபட வேலையிலும் பழகியவர்கள் தரும் பதில்கள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் குடியிருக்கும் தெருவின் நூறாண்டுக் கதையைத் தெரிந்துகொள்ள ஆசை. கூகுளில் தெருப்பெயரைப் போட்டால் வீட்டுமனை விளம்பரமும் ஓட்டல் பட்டியலும்தான் வருகின்றன. எங்கே தொடங்குவது?

பதில்: கூகுளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்கேன் செய்த பழைய பக்கங்களில் பெரும்பகுதி அந்தந்தத் தளத்தின் சொந்தத் தேடுபெட்டிக்குள்தான் அகப்படும். அங்கே போய்த் தேடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவை அந்தக் காலத்து ஆள் எப்படி எழுதியிருப்பார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஊரின் பெயரே மாறியிருக்கலாம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914 முதல் பெட்ரோகிராடு, 1924 முதல் 1991 வரை லெனின்கிராடு. நடுவில் உள்ள ஆண்டுகளை இன்றைய பெயரில் தேடினால் கை வெறுங்கைதான். தெருவுக்கும் இதே கதி. நியூயார்க்கின் பார்க் அவென்யூ முன்பு ஃபோர்த் அவென்யூ.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: ஆண்டு, தெருப்பெயர், கதவு எண், வார்டு அல்லது பேட்டை. தகவல் கிடைக்கக் கிடைக்க நிரப்புங்கள். ஏற்கெனவே வந்துபோன இடத்துக்கே திரும்ப வராமல் இந்தத் தாள் காப்பாற்றும்.

தேடும் வரிசை வரைபடம், டைரக்டரி (ஊரில் யார் எந்த முகவரியில் இருக்கிறார் என்று அச்சிட்ட பட்டியல் புத்தகம்), செய்தித்தாள், அலுவலகப் பதிவேடு என்று இருக்கட்டும். இதற்குக் காரணம் உண்டு. வரைபடம் அந்தக் காலத் தெருப்பெயரைத் தரும். பெயர் கிடைத்தால் டைரக்டரியில் அந்த முகவரியில் யார் இருந்தார் என்று பார்க்கலாம். ஆளின் பெயர் கையில் இருந்தால் செய்தித்தாளில் தேட முடியும். செய்தித்தாள் தேதியைத் தரும். தேதி தெரிந்தால்தான் நகரசபைக் கூட்டக் குறிப்பையும் கட்டட அனுமதிப் பதிவேட்டையும் பிரிக்க முடியும், ஏனென்றால் அவை நாள்வாரியாகக் கட்டப்பட்டவை, தெருவாரியாக அல்ல. பலரும் பழைய புகைப்படத்திலிருந்து தொடங்குகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதிலிருந்து அடுத்த படிக்கு வழி கிடைப்பது அபூர்வம்.

வரைபடத்துக்கு ஓல்டுமேப்ஸ்ஆன்லைன் நல்ல வாசல். பல நூலகங்களின் வரைபடங்களை இடவாரியாக ஒரே இடத்தில் காட்டும். டேவிட் ரம்சி தொகுப்பும், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடப் பக்கமும் அடுத்தவை. செய்தித்தாள் நாட்டுக்கு நாடு வேறு: ஆஸ்திரேலியாவுக்கு ட்ரோவ், நியூசிலாந்துக்குப் பேப்பர்ஸ் பாஸ்ட், நெதர்லாந்துக்கு டெல்ஃபர், பிரான்சுக்குக் கல்லிக்கா, அமெரிக்காவுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் க்ரானிக்ளிங் அமெரிக்கா, சிங்கப்பூருக்கு நியூஸ்பேப்பர்எஸ்ஜி. பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் கட்டணத் தளம். சில பக்கங்கள் மட்டும் இலவசம். காசு கட்டுவதற்கு முன் உங்கள் பொது நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். உறுப்பினர் அட்டை எண்ணைப் போட்டு வீட்டிலிருந்தே கட்டணத் தரவுத்தளங்களைப் பார்க்கும் வசதியைப் பல நூலகங்கள் தருகின்றன, வாசகர்கள்தான் கேட்பதில்லை.

கேள்வி: 1905-ஆம் ஆண்டு டைரக்டரியில் ஒரு கடை 41-ஆம் எண்ணில் இருக்கிறது. இன்றைய 41-ஆம் எண் தெருவின் மறுகோடியில் உள்ளது. டைரக்டரி தவறா?

பதில்: பெரும்பாலும் டைரக்டரி சரி, எண்தான் மாறியிருக்கும். சிகாகோ நகரம் 1909-இல் தெருக்களின் கதவு எண்களை ஒட்டுமொத்தமாக மாற்றியது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடம் பூஜ்யமானது, மைலுக்கு 800 எண் என்று கணக்கு வைத்தார்கள். நகர மையத்துக்கு மட்டும் மாற்றம் 1911-இல் வந்தது. ஆகவே 1910-ஆம் ஆண்டுத் தாள் ஒன்றில் ஊரின் ஒரு பகுதி புது எண்ணிலும், மையப்பகுதி பழைய எண்ணிலும் இருக்கும். பழைய எண்ணையும் புது எண்ணையும் எதிரெதிரே அச்சிட்ட புத்தகம் அந்த ஊருக்கு உண்டு, ஸ்கேனாகவும் கிடைக்கிறது. உங்கள் ஊருக்கும் அப்படி ஒரு ஒப்புப்பட்டியல் இருக்கிறதா என்று முதலில் நூலகத்தில் விசாரியுங்கள்.

இல்லையென்றால் நீங்களே ஒன்று தயாரிக்கலாம். எண் மாறியதாகச் சந்தேகப்படும் ஆண்டுக்கு முந்தைய டைரக்டரி ஒன்று, பிந்தையது ஒன்று எடுங்கள். இரண்டிலும் தெருவாரிப் பகுதியைத் திறந்து, உங்கள் கடைக்கு இருபுறமும் நான்கைந்து பெயர்களை வரிசையாக எழுதுங்கள். வைத்தியர், மருந்துக்கடை, தையற்காரர், மூலைக்கடை என்று அதே வரிசை அடுத்த புத்தகத்தில் வேறு எண்களோடு வந்தால் விடை கிடைத்துவிட்டது. ஒரு பெயர் மட்டும் பொருந்தினால் நம்பாதீர்கள், அந்த ஆள் கடையை மாற்றியிருக்கலாம். வழிபாட்டுத் தலம், வங்கி, பள்ளிக்கூடம் போன்றவை எளிதில் இடம்பெயராதவை, அவற்றை ஆணிபோல் அடித்துக்கொண்டு மற்றவற்றை அளந்து வாருங்கள். பல டைரக்டரிகளில் எண்களுக்கு நடுவே ‘இங்கே இன்ன தெரு குறுக்கிடுகிறது’ என்ற குறிப்பு சாய்வெழுத்தில் இருக்கும். அதுதான் எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம்.

ஒற்றை எண் ஒரு பக்கம், இரட்டை எண் மறுபக்கம் என்பதும் எங்கும் எப்போதும் இருந்த வழக்கமன்று. சில தெருக்களில் எண் ஒரு பக்கமாக ஏறி, கோடியில் திரும்பி, மறுபக்கமாக இறங்கி வரும். வரைபடத்தில் எண் போட்டிருந்தால் அதைப் பார்த்துவிட்டே முடிவு கட்டுங்கள்.

இன்னொன்று. 1905 என்று அட்டையில் இருந்தால் தகவல் அதற்குச் சில மாதங்கள் முன்பு, பெரும்பாலும் 1904-இல் திரட்டியது. வாடகைக்குடி, கூலித் தொழிலாளி, குடும்பத் தலைவராக இல்லாத பெண்கள் ஆகியோரைப் பல டைரக்டரிகள் சேர்க்கவே இல்லை. ஒருவர் பெயர் அதில் இல்லை என்பதை வைத்து அவர் அங்கே குடியிருக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: செய்தித்தாள் தளத்தில் ஒரு கட்டடத்தின் பெயரைத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. ஆனால் அந்தச் செய்தி இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும். ஏன் இப்படி?

பதில்: நீங்கள் தேடுவது செய்தித்தாளை அல்ல. ஓ.சி.ஆர். மென்பொருள் படத்தைப் பார்த்து ஊகித்து எழுதிய எழுத்துகளைத்தான் தேடுகிறீர்கள். படம் மைக்ரோஃபிலிமிலிருந்து வந்தது, ஃபிலிம் மங்கிய தாளிலிருந்து வந்தது. ஒவ்வொரு படியிலும் எழுத்து சிதைகிறது. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி அச்சாகியிருந்தால் மென்பொருள் அதை எம் என்று படிக்கும். ‘கார்னர்’ (corner) என்ற சொல் ‘கமர்’ (comer) ஆகிவிடும். தெருமுனைக் கட்டடங்களைத் தேடுவோர் அந்தத் தப்பான சொல்லையும் போட்டுப் பார்த்தால் புதையல் கிடைக்கும். 1800-க்கு முந்தைய ஆங்கில அச்சில் நீண்ட எஸ் எழுத்து எஃப் போலத் தெரியும். ‘ஹவுஸ்’ (house) என்பதை ‘ஹவுஃப்’ (houfe) என்றே தேட வேண்டியிருக்கும். பழைய ஜெர்மன் அச்செழுத்தில் தடுமாற்றம் இன்னும் அதிகம்.

என்ன செய்யலாம்? நீளமான பெயரை விட்டுவிட்டு அதிலுள்ள அரிதான ஒரே சொல்லைத் தேடுங்கள். வரிக்கடைசியில் உடைந்த சொல் இரண்டு துண்டாகப் பதிவாகியிருக்கும், ஆகவே பாதிச் சொல்லும் பயன்படும். சொல்லுக்குள் ஓர் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியோ நட்சத்திரக்குறியோ போடத் தளம் இடம் கொடுத்தால் போடுங்கள். இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று பத்துச் சொல் தூரத்துக்குள் வரவேண்டும் என்று கேட்கும் வசதி சில தளங்களில் உண்டு. தெருப்பெயரையும் ‘தீ’ அல்லது ‘ஏலம்’ என்ற சொல்லையும் அப்படிச் சேர்த்துத் தேடினால் வேண்டாத குப்பை வெகுவாகக் குறையும்.

ஏலம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டட வரலாற்றுக்குச் செய்திப் பத்திகளைவிட விளம்பரப் பத்திகளே மேல். டெண்டர் அறிவிப்பு, வாடகைக்கு விடும் விளம்பரம், ஏல அறிவிப்பு ஆகியவற்றில் அறைகளின் எண்ணிக்கை, கிணறு, லாயம், மனையின் அளவு, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எல்லாம் வரும். செய்தியாளர் இவற்றை எழுதமாட்டார். ஆனால் விளம்பரம் பொடி எழுத்தில் இருப்பதால் ஓ.சி.ஆர். தடுமாறுவதும் அங்கேதான். தேதி தெரிந்தால் தேடுபெட்டியை மறந்துவிட்டு இதழைத் திறந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

அந்தக்கால ஆங்கிலச் சுருக்கங்களையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தேதிக்குப் பின் ‘இன்ஸ்ட்.’ என்றால் இந்த மாதம், ‘அல்ட்.’ என்றால் போன மாதம், ‘பிராக்ஸ்.’ என்றால் வரும் மாதம். ஜூன் 3-ஆம் தேதி இதழில் ‘28-ஆம் தேதி அல்ட்.’ என்று இருந்தால் அது மே 28. இதைக் கவனிக்காமல் ஒரு மாதம் பிசகிய தேதிகள் எத்தனையோ ஊர் வரலாறுகளில் இருக்கின்றன. வில்லியம், சார்லஸ், ஜேம்ஸ் போன்ற பெயர்களும் இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்கப்பட்டே அச்சாகும். மணமான பெண்கள் கணவர் பெயரில்தான் வருவார்கள்.

ட்ரோவில் தவறான எழுத்துகளை வாசகரே திருத்தலாம். நீங்கள் கண்டுபிடித்த செய்தியில் தெருப்பெயரையாவது திருத்திவிட்டுப் போங்கள், அடுத்து வருபவருக்கு உதவும்.

கேள்வி: பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் படியவைக்க முயன்றேன். ஒரு மூலை சரியாக வந்தால் மறுமூலை 80 மீட்டர் தள்ளிப்போகிறது.

பதில்: முதலில், அந்த வேலையை யாராவது முன்பே செய்திருக்கிறார்களா பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்டினன்ஸ் சர்வேயின் வரைபடங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பக்கத்தில் வைத்தோ மேலே மங்கலாகப் படரவிட்டோ பார்க்கலாம். ரம்சி தொகுப்பிலும் ஏராளமானவை பொருத்தப்பட்டுத் தயாராக உள்ளன.

நீங்களே செய்வதானால் மேப்வார்ப்பர், ஆல்மேப்ஸ், கியூஜிஐஎஸ் ஆகிய மென்பொருள்களில் ஒன்று போதும். கோளாறு பெரும்பாலும் இரண்டு வரைபடத்திலும் ஒரே இடம் என்று நீங்கள் தேர்ந்தெடுத்த புள்ளிகளில்தான். ஆற்றங்கரை, ஏரி விளிம்பு, மரம், சாலை வளைவு எல்லாம் நகர்ந்துவிடும். பழைய பாலத்தின் முனை, வழிபாட்டுத் தலத்தின் சுவர் மூலை, அகலப்படுத்தாத தெருச்சந்திப்பின் நடு ஆகியவைதான் தாங்கும். படத்தை வளைக்காமல் நகர்த்தி, சுழற்றி, நீட்டிப் பொருத்தும் எளிய மாற்றத்துக்கு மூன்று புள்ளி போதும், படத்தை வளைக்கும் இரண்டாம் படி மாற்றத்துக்கு ஆறு, இன்னும் அதிகமாக வளைக்கும் மூன்றாம் படிக்குப் பத்து. இவை குறைந்தபட்சம். எட்டு முதல் பன்னிரண்டு வரை வைத்து, எளிய மாற்றத்தையே முதலில் போடுங்கள். புள்ளிகள் தாளின் நான்கு மூலைக்கும் பரவியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் நகர மையத்தில் குவித்தால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும், மையம் ஒட்டும், ஓரம் பறக்கும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு பிழை என்று மென்பொருள் காட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பலமடங்கு அதிகமாக இருந்தால் அந்தப் புள்ளியைத்தான் தவறாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ முறைக்குத் தாவாதீர்கள். அது வரைபடத்தை ரப்பர்போல இழுத்து ஒவ்வொரு புள்ளியையும் கச்சிதமாக உட்காரவைத்துவிடும். பிழை பூஜ்யம் என்று காட்டும், தவறான புள்ளியும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். எளிய முறையில் புள்ளிகளைச் சலித்த பிறகு, தாள் சீரில்லாமல் சுருங்கியது தெரிந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பறவைப் பார்வையில் தீட்டிய நகரக் காட்சிப் படங்களை எந்த முறையிலும் பொருத்த முயல வேண்டாம்.

பொருத்தியபின் தூரம் அளக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறை பூமத்தியரேகையிலிருந்து விலக விலகத் தூரத்தைப் பெருக்கிக் காட்டும். 60 பாகை அட்சரேகையில் 100 மீட்டர் 200 மீட்டராகிவிடும். கியூஜிஐஎஸ்ஸில் பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் நீள்கோள அளவையை இயக்கிவிட்டு அளந்து பாருங்கள்.

தெருவளவில் பார்க்கத் தீ இன்ஷூரன்ஸ் வரைபடங்களுக்கு ஈடு இல்லை. அமெரிக்க நகரங்களுக்கு சான்பார்ன் நிறுவனத்தின் வரைபடங்கள், பிரிட்டிஷ் நகரங்களுக்கு கோட் (Goad) நிறுவனத்தின் வரைபடங்கள். சான்பார்னில் வழக்கமான அளவு அங்குலத்துக்கு 50 அடி. இளஞ்சிவப்பு செங்கல் கட்டடம், மஞ்சள் மரக்கட்டடம், நீலம் கல். ஒவ்வொரு கட்டடத்திலும் மாடிகளின் எண்ணிக்கை இருக்கும், கடை என்றால் எஸ், குடியிருப்பு என்றால் டி. இதில் ஒரு பொறி உண்டு. ஊர் மாறும்போது புதுத் தாள் அச்சிடாமல், மாறிய கட்டடத்தின் அளவுக்குத் துண்டுக் காகிதம் வெட்டிப் பழைய தாளின் மேல் ஒட்டிவிடுவார்கள். தலைப்பில் ஒரு வருடம் இருக்க, ஒட்டுத்துண்டில் இருக்கும் கட்டடம் அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியதாக இருக்கும். படத்தை நன்றாகப் பெரிதாக்கினால் துண்டின் விளிம்பு மெல்லிய நிழலாகத் தெரியும். முதல் பக்கத்தில் திருத்தம் ஒட்டிய தேதிகளின் பட்டியல் இருந்தால் அதையும் படியுங்கள். ஆர்டினன்ஸ் சர்வேயில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் ஓரத்தில் தனித்தனியாக இருக்கும். உங்கள் தாளில் எழுத வேண்டியது அளந்த ஆண்டு.

கேள்வி: தேதியில்லாத தெருப் புகைப்படம் ஒன்று கிடைத்திருக்கிறது. காலத்தை எப்படிக் கணிப்பது?

பதில்: கீழ்வரம்பு ஒன்று, மேல்வரம்பு ஒன்று என்று இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்குங்கள். படத்தில் டிராம் தண்டவாளம் இருந்தால் அது போடப்பட்ட ஆண்டுக்குப் பிந்தையது. இடிக்கப்பட்ட கட்டடம் நின்றுகொண்டிருந்தால் இடித்த ஆண்டுக்கு முந்தையது. நடுவில் கடைப்பலகைகளைப் படித்து டைரக்டரியோடு பொருத்துங்கள். இரண்டு கடைகள் அடுத்தடுத்து இருந்த ஆண்டுகள் பெரும்பாலும் மூன்று நான்குக்கு மேல் போகாது. இதற்குத் தளத்தில் கிடைப்பவற்றிலேயே பெரிய கோப்பைத்தான் இறக்க வேண்டும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உள்ள டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனியின் கண்ணாடி நெகட்டிவ்களை டிஃப் கோப்பாக எடுத்தால் தெருக்கோடியில் உள்ள பலகைகூடப் படிக்கக் கிடைக்கும். சிறிய படத்தில் அதே இடம் வெறும் சாம்பல் பட்டை.

தபாலட்டை என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். முகவரிக்கும் சேதிக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்த அட்டை பிரிட்டனில் 1902-இலும், அமெரிக்காவில் 1907 மார்ச்சிலும் அனுமதிக்கப்பட்டது. தபால் முத்திரையின் தேதி அட்டை அனுப்பப்பட்ட நாள் மட்டுமே. எடுத்துப் பல ஆண்டான படத்தையும் தொடர்ந்து விற்றார்கள். கம்பிகளை அழிப்பது, மோட்டார் வண்டியை வரைந்து சேர்ப்பது, ஊரைப் பார்த்தே இராத ஒருவர் வண்ணம் தீட்டுவது எல்லாம் தபாலட்டைத் தொழிலில் சகஜம். நெகட்டிவ் புரண்டு இடம் வலமாக அச்சான படங்களும் உண்டு, பலகை எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தால் படத்தைத் திருப்பிவிட்டுத்தான் தெருவை அடையாளம் காண வேண்டும்.

கேட்லாக்கில் ஆண்டு சதுர அடைப்புக்குள் இருந்தால் அது படத்தில் எழுதியிருந்த தேதி அல்ல, கேட்லாக் தயாரித்தவரின் கணிப்பு. அந்த அடைப்பை உதறிவிட்டு எடுத்தாளுவதால் கணிப்பெல்லாம் உண்மையாகி ஊர் முழுக்கச் சுற்றுகிறது.

கேள்வி: தமிழ் நூல்களிலும் இதழ்களிலும் ஊர்ச் செய்திகளைத் தேட முடியுமா? எழுத்துத் தேடல் வேலை செய்வதே இல்லையே.

பதில்: நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற ஈழத்துத் தமிழ் நூல்களின் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் தமிழ் முரசு உண்டு. எழுத்துத் தேடல் தடுமாறக் காரணம் பழைய அச்சு. 1978-இல் தமிழ்நாட்டரசு சீர்திருத்த எழுத்தை ஏற்கும் முன், ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கைக் கொம்போடும், ணா, றா, னா ஆகியவை தனி வடிவத்திலும் அச்சாகின. ஓ.சி.ஆர். இவற்றைக் கண்டபடி படிக்கும். ஆகவே இந்த எழுத்துகள் வராத சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ‘சாலை’யைத் தேடுவதைவிட ‘வீதி’யைத் தேடுவது பலன் தரும். வேற்றுமை உருபு இல்லாத பகுதியை மட்டும் போடுங்கள். இராமசாமி, ராமசாமி, ராமஸாமி என்று மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். பழைய உரைநடையில் சொற்கள் சேர்த்தே எழுதப்பட்டதையும் நினைவில் வையுங்கள்.

பல சமயம் தேடுபெட்டியைவிடத் தலைப்புப் பட்டியலை மேய்வதே வேகம். கோயில் தலபுராணம், நகரசபை ஆண்டறிக்கை, பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், சங்க வெள்ளிவிழா மலர் ஆகியவற்றைப் பாருங்கள். மலர்களில் உள்ள விளம்பரப் பக்கங்கள் அந்தக்காலக் கடைத்தெருவையே காட்டும்.

ஆண்டைப் படிப்பதில்தான் சறுக்கல் அதிகம். ௲௮௱௮௰௯ என்றால் 1889. ௵ ஆண்டுக் குறி, ௴ மாதக் குறி, ௳ நாள் குறி. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் சுழல்வதால் ‘குரோதி’ என்று மட்டும் இருந்தால் அது 1844, 1904, 1964 எதுவாகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், காகிதம், எழுத்து வடிவம் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். 1904 என்று முடிவானாலும் அந்தக் குரோதி ஆண்டின் தை, மாசி மாதங்கள் 1905-இல் விழுகின்றன. கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) என்றால் 824 அல்லது 825 கூட்டுங்கள். இந்தக் குழப்பம் மற்ற மொழிக்காரர்களுக்கும் உண்டு. இங்கிலாந்தில் 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது, அங்கே 1740 பிப்ரவரி என்றால் நம் கணக்கில் 1741.

கேள்வி: கேட்லாக்கில் பெயர் இருக்கிறது, படம் இல்லை. வேறு ஊரில் உள்ள நூலகத்துக்கு எப்படி எழுதுவது?

பதில்: எந்தப் பெரிய காப்பகமும் தன்னிடம் உள்ளதில் சிறு பகுதியைத்தான் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. படம் இல்லாததே சாதாரண நிலை. எழுதும்போது ‘எங்கள் தெருவைப் பற்றி என்ன இருக்கிறது?’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கோப்பின் குறியீட்டு எண், ஆண்டு வரம்பு, உங்களுக்கு வேண்டிய ஒரே கேள்வி, ஏற்கெனவே பார்த்து முடித்த மூலங்கள் ஆகிய நான்கையும் ஏழெட்டு வரிக்குள் எழுதுங்கள். நூலகர் பத்து நிமிடத்தில் எடுத்துப் பார்க்கக்கூடியதாகக் கேள்வி இருக்கட்டும். உதாரணமாக, ‘1887-ஆம் ஆண்டு வரிப் பதிவேட்டின் பெயரடைவில் இந்தத் தெரு எந்தப் பக்கத்தில் வருகிறது?’

பல நூலகங்களின் ஸ்கேன் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஹாத்திட்ரஸ்ட் தளத்தில் திறக்க முடியாத நூலுக்குள்ளும் பெரும்பாலும் தேடலாம். வரிகள் தெரியாது, எந்தப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று காட்டும். அந்தப் பக்க எண்ணை எடுத்துக்கொண்டு உங்கள் நூலகம் வழியாக நகல் கேளுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் சாதாரணத் தேடல் தலைப்பையும் விவரக் குறிப்பையும் மட்டுமே பார்க்கும். நூலின் உள்ளே தேட ‘முழு உரை’ என்ற தேர்வை மாற்ற வேண்டும். இது தெரியாமல் ‘இல்லை’ என்று விட்டவர்கள் ஏராளம்.

சில பதிவுகள் நிஜமாகவே இல்லை. அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைப் பதிவில் பெரும்பகுதி 1921 தீ விபத்தில் சேதமடைந்து, பின்னர் அழிக்கப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 பதிவு 1942-இல் எரிந்தது. அயர்லாந்தின் பொதுப் பதிவகம் 1922-இல் எரிந்தது. அதில் இருந்தவற்றின் நகல்களை வேறு இடங்களிலிருந்து திரட்டித் தருகிறது 2022-இல் திறந்த விர்ச்சுவல் ரெக்கார்ட் டிரெஷரி. மூலம் போயிருந்தால் நகல் எந்த அலுவலகத்துக்குப் போயிருக்கும் என்று யோசிப்பதுதான் வழி.

கேள்வி: ஒரு கட்டடத்துக்கு மூன்று புத்தகங்களில் மூன்று ஆண்டுகள். எதை நம்ப?

பதில்: மூன்றும் சரியாக இருக்கலாம். அனுமதி கொடுத்தது, அடிக்கல் நாட்டியது, திறந்தது என்று மூன்று வெவ்வேறு நிகழ்ச்சியை ஒவ்வொருவரும் ‘கட்டியது’ என்று எழுதியிருப்பார்கள். எந்த நிகழ்ச்சி என்று குறிப்பிட்டு மூன்றையும் போடுங்கள். மூன்று புத்தகமும் ஒரே ஆண்டைச் சொன்னாலும் எச்சரிக்கை தேவை, ஒன்றைப் பார்த்து மற்ற இரண்டும் எழுதியிருந்தால் சாட்சி ஒன்றுதான். வரிப் பதிவேட்டில் மனைக்கு மட்டும் வரி போட்டிருந்து, அடுத்த ஆண்டு தொகை திடீரென ஏறியிருந்தால் கட்டடம் எழுந்த ஆண்டு அதுவே என்று நம்பலாம். வரி போடுபவர் கற்பனை செய்து எழுதமாட்டார்.

கேள்வி: கிடைத்த படங்களை எங்கள் பகுதி மலரில் அச்சிடலாமா?

பதில்: பழையது என்பதால் மட்டும் அச்சிட முடியாது. அமெரிக்காவில் அந்தக்கால வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு, ஐரோப்பிய நாடுகளில் படைத்தவர் இறந்து 70 ஆண்டு, இந்தியாவில் நூலுக்கு ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, புகைப்படத்துக்கு 2012 சட்டத் திருத்தம் வரை வெளியாகி 60 ஆண்டு, அதன்பின் எடுத்தவர் இறந்து 60 ஆண்டு என்பவை பொது விதிகள். எந்த நாட்டில் அச்சிடுகிறீர்களோ அந்த நாட்டு விதி பொருந்தும். ‘தெரிந்த தடை ஏதுமில்லை’ என்று நூலகம் எழுதியிருந்தால் அது உத்தரவாதம் அல்ல, அவர்களுக்குத் தெரிந்தவரை என்றுதான் பொருள். உரிமை முடிந்த படத்துக்கும் நூலகம் தன் பெயரைப் போடச் சொல்லலாம், போட்டுவிடுங்கள்.

கேள்வி: சேர்த்ததை எப்படிப் பத்திரப்படுத்துவது? நான் குறித்துவைத்த இணைப்புகளில் பாதி திறக்கவில்லை.

பதில்: உலாவியின் மேல்பட்டையில் தெரியும் முகவரியை நம்ப வேண்டாம். பதிவுப் பக்கத்தில் ‘நிலையான இணைப்பு’ என்று தனியாக ஒன்று இருக்கும். கல்லிக்கா போன்ற தளங்கள் ‘ஆர்க்’ (ARK) என்ற மாறாத அடையாள எண் தருகின்றன. அதோடு நூலகத்தின் பெயர், கோப்புக் குறியீடு, அச்சிட்ட பக்க எண் ஆகியவற்றையும் எழுதுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் திரையில் ஓடும் பட எண்ணும் தாளில் அச்சான பக்க எண்ணும் வேறு. அச்சான எண்ணே எல்லோருக்கும் பயன்படும்.

பார்த்ததை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் கேட்லாக் உட்படப் பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. கோப்புக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் தொடங்கி, பின் தெரு, பின் மூலம் என்று வையுங்கள், அகரவரிசையில் அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். வெட்டிய பத்தியோடு முழுப் பக்கத்தையும் சேமியுங்கள். தேடிக் கிடைக்காத இடங்களையும் எந்தச் சொல், எந்தத் தளம், எந்த ஆண்டு வரம்பு என்று குறித்து வையுங்கள். தளங்களில் புதுப் பக்கங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன, ஆறு மாதம் கழித்து அந்தப் பட்டியலை மட்டும் திரும்ப ஓட்டினால் போதும்.